பனி பிடிக்காத இடம்

ஒன்பது காரையும் மாயக்காள் ஒருத்திதான் துடைப்பாள். தல்லாகுளத்து அடுக்குமாடியில் ஒரு வீட்டிலும் விளக்கு எரியாத நேரத்தில், ஐந்தரை மணிக்கெல்லாம் இரண்டு வாளியும் நாலு துணியுமாக வந்து நிற்பாள். மார்கழியில் வேலை பாதி மிச்சம். பனியே வண்டியை நனைத்து வைத்திருக்கும். முதல் துணியால் ஒரே இழுப்பாக இழுத்தால் தூசியும் பனியும் சேர்ந்து வந்துவிடும். இரண்டாவது துணி ஈரத்தை எடுக்கும். கண்ணாடிக்குத் தனித் துணி. நாலாவது சக்கரத்துக்கு, அதை மற்ற மூன்றோடு சேர்த்து அலசக்கூட மாட்டாள்.

அன்று திங்கட்கிழமை. ஏழாவது வண்டி சிவராம் சாருடையது, சாம்பல் நிற டீசல் கார். பானட்டில் துணியை வைக்கப் போனவள் அப்படியே நின்றாள். பானட் முழுக்கப் பனி பொடிப்பொடியாகப் பூத்திருந்தது. இடது ஓரத்தில் மட்டும் சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஓரிடம் காய்ந்து கிடந்தது. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வெறும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுவென்று இருந்தது.

பக்கத்து வண்டியைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. அதற்கடுத்ததும் அப்படியே.

கேட் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வாட்ச்மேன் பேயாண்டி மப்ளரைக் காதுவரை சுற்றிக்கொண்டு நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மாயக்காள் மடமடவென்று பானட்டை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை துடைத்து, ஈரமும் காய்ந்ததும் தெரியாமல் ஒரே மாதிரி ஆக்கிவிட்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளைக் கேட்டிருந்தால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது.

எட்டு மணிக்கு சிவராம் இறங்கி வந்து சாவியைத் திருகினார். டிக், டிக் என்றது. மீட்டர் விளக்கெல்லாம் ஒரு மினுக்கு மினுக்கி அணைந்தது. இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை.

சிவராம் அரசாங்கத்தில் தணிக்கை அதிகாரி. யாரையும் குற்றம் சொல்லிப் பேசுகிறவர் இல்லை. கேள்வி கேட்பார், கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பார். எதிராளியே மிச்சத்தைச் சொல்லட்டும் என்று நிற்கிற நிற்பு அது.

"மாயக்கா, உள்ள துடைக்கிறப்போ போன் சார்ஜ் போடுவீங்களா?"

"என் போனு பட்டன் போனு சார். வாரத்துக்கு ஒரு தடவை போட்டாப் போதும், கெடக்கும்."

"ரேடியோ கேப்பீங்களா?"

"ரேடியோ எதுக்கு சார்? பேயாண்டி அண்ணன் கொறட்டையே அம்புட்டுச் சத்தமா இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. "கதவெல்லாம் சரியா சாத்துறீங்களா? உள் லைட் எரிஞ்சுகிட்டே இருந்தாலும் பேட்டரி இறங்கிடுமாம். இது புது பேட்டரி. மாத்தி மூணு வாரம்கூட ஆகல. கடைக்காரர் சோதிச்சுப் பாத்துட்டு பேட்டரில குத்தமே இல்லைங்கிறார். ராத்திரில வண்டில ஏதோ நடக்குதுங்கிறார்."

"நான் வெடியக்காலந்தான சார் வாரேன்."

"சாவி ராத்திரில உங்ககிட்டதானே இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார்.

மாயக்காள் வாளியைத் தூக்கிக்கொண்டு எட்டாவது வண்டிக்குப் போனாள்.

ஐந்து வீட்டுக்காரர்கள் அவளிடம் மாற்றுச் சாவி கொடுத்திருந்தார்கள். வண்டிக்குள்ளேயும் துடைக்க வேண்டும், அதற்காக விடிகாலையில் அழைப்புமணி அடித்தால் வீடே எழுந்துவிடும் என்று அவர்களாகச் செய்த ஏற்பாடு. ஒவ்வொரு சாவிக்கும் ஒரு நிறத்தில் நூல் கட்டியிருந்தாள். சிவராம் சாருடையது பச்சை. செல்லூரில் அவள் குடியிருக்கும் ஒற்றை அறை வீட்டில், காலண்டர் மாட்டிய ஆணியில் ஐந்தும் தொங்கும். ஒன்பது வருஷமாகத் தொங்குகிறது. வேலைக்குப் போகிற இடத்தில் ஆளைப் பிடித்துப்போனால் பழைய சேலை கொடுப்பார்கள், தீபாவளிக்குப் பலகாரம் கொடுப்பார்கள். சாவி கொடுப்பார்களா? பக்கத்து வீட்டுக்காரிகளிடம் அந்த ஆணியைக் காட்டிச் சொல்லியிருக்கிறாள்.

அந்த ஆணிக்கு நேர் கீழேதான் அவள் மகன் அருண்பாண்டி பாய் விரித்துப் படுப்பான்.

சூடான பானட் என்றால் என்ன என்று மாயக்காளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எழுமலையில் அவள் புருஷன் விருமாண்டி ஒரு அரிசி ஆலைக்காரரிடம் வேன் ஓட்டினான். பகலில் முதலாளிக்கு ஓட்டினான், ராத்திரியில் முதலாளிக்குத் தெரியாமல் தனக்கு ஓட்டினான். கிலோமீட்டர் ஏறாமல் இருக்க மீட்டர் கேபிளைக் கழற்றி விட்டுப் போவான், வந்ததும் மாட்டிவிடுவான். டீசலையும் அளந்து ஊற்றி வைத்துவிடுவான். எல்லாவற்றையும் யோசித்தவன் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. ஒருநாள் வெள்ளென வந்த முதலாளி பானட்டில் கையை வைத்தார். "என்னடா, சூடா இருக்கு?" என்றார். அவ்வளவுதான். தூக்குவாளியில் காப்பி கொண்டுபோன மாயக்காள் அங்கேதான் நின்றிருந்தாள். பஞ்சாயத்துக் கூடி என்னென்ன பேசியது என்பதெல்லாம் இப்போது மறந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தை மறக்கவில்லை. ஊரில் முகம் காட்ட முடியாமல் மதுரைக்கு வந்தார்கள். விருமாண்டி அடுத்த வருஷம் திருப்பூருக்கு வேலைக்கென்று போனான், போனவன் போனவன்தான். அருண்பாண்டிக்கு அப்போது ஆறு வயசு.

இப்போது அவனுக்கு இருபத்துநாலு. மாட்டுத்தாவணி பக்கம் ஒரு பார்சல் ஆபீசில் லோடு கணக்குப் பார்க்கிறான். போன வருஷம்தான் டிரைவிங் லைசென்ஸ் எடுத்தான். வாரத்தில் மூன்று நாள் வீடு திரும்பப் பதினொன்று ஆகும். அம்மாவைத் தினமும் பைக்கில் கொண்டுவந்து கேட்டில் இறக்கிவிடுகிறவன் அவன்தான். பேயாண்டிக்கு அவன் 'மாப்ள'. எந்த வண்டி யாருடையது, எந்த நூல் எந்தச் சாவி என்று அவளைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

திங்கட்கிழமை சாயங்காலத்திலிருந்து மாயக்காள் மகனை மோப்பம் பிடிக்க ஆரம்பித்தாள். துவைக்கப் போட்ட சட்டையை எடுத்து முகர்ந்தாள். டீசல் வாடை. பார்சல் ஆபீசில் வேலை பார்ப்பவன் சட்டை மல்லிகைப்பூ மாதிரியா மணக்கும்? தெரியும். தெரிந்தும் இன்னொரு தடவை முகர்ந்தாள். செவ்வாய்க்கிழமை காலையிலும் அந்த இடத்தில் பனி இல்லை. புதன்கிழமையும் இல்லை. இரண்டு நாளும் முதல் வேலையாக அந்த பானட்டைத்தான் துடைத்தாள். கிலோமீட்டர் ஏறியிருக்கிறதா என்று பார்க்கலாம் என்றால் பகலில் சார்ஜ் ஏற்றியும் விடிவதற்குள் இறங்கிப்போன பேட்டரியில் மீட்டரே எரியவில்லை. எரிந்தால்தான் என்ன, விருமாண்டி மகனுக்குக் கேபிள் கழற்றவா தெரியாது?

புதன்கிழமை சாவிகளை ஆணியிலிருந்து எடுத்து அரிசி டின்னுக்குள் புதைத்தாள். அங்கேதான் தப்புச் செய்தாள். வியாழக்கிழமை அவனுக்கு வார லீவு. லீவு நாளில் உலை வைப்பது அவன் வேலை. அன்று மத்தியானம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. ஐந்து சாவியும் ஆணியில் தொங்கின. பச்சை நூலில் அரிசித் தவிடு ஒட்டியிருந்தது.

"சாவிய எதுக்கு அரிசிக்குள்ள போட்ட?" என்றான்.

"எலி இழுத்துட்டுப் போகுதுடா."

"எலிக்கு எந்தக் கார் வேணுமாம்?"

அவள் அலமாரியைத் திறந்தாள். சாமி படத்துக்கு முன்னால் இருந்த பித்தளைத் தட்டை எடுத்தாள், அதில் இரண்டு கட்டி சூடம் வைத்தாள். தீப்பெட்டியைப் பக்கத்தில் வைத்தாள்.

"ராத்திரி சிவராம் சார் வண்டிய எடுத்துட்டுப் போறியா?"

அவன் முதலில் சிரித்தான். தட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"யம்மா, என்ன பேசுற நீயி?"

"போறியா இல்லையா, ஒத்த வார்த்தை. இல்லைன்னா சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணு. நான் அதுக்கு மேல ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"இல்லைன்னு சொல்றேன்ல."

"அணைச்சுச் சொல்லு."

"பெத்தவகிட்ட சூடம் அணைக்கணுமா நானு?" என்றான். குரல் உயரவில்லை. "பஞ்சாயத்துல வச்சு ஒம் புருசன அணைக்கச் சொன்னாங்களே, அவன் அணைச்சான்ல? அணைச்சுச் சொன்ன சொல்லு என்னாச்சு?"

சாப்பிடாமலேயே வெளியே போய்விட்டான். மாயக்காள் தட்டை அப்படியே அலமாரியில் வைத்தாள். சூடத்தைக் கொளுத்தவும் இல்லை, டப்பாவில் திரும்பப் போடவும் இல்லை. தப்பில்லாதவன் அணைத்திருப்பானே என்று ஒரு மனசு சொன்னது. தப்புச் செய்த அவன் அப்பன் அணைத்தானே என்று இன்னொரு மனசு சொன்னது. இரண்டுக்கும் நடுவில் குக்கர் ஆறிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை சிவராம் சொன்னார். "நாளைக்குக் காலைல கோரிப்பாளையத்துலேர்ந்து எலக்ட்ரீஷியன் வர்றார். சாயங்காலம் அசோசியேஷன் மீட்டிங். கேமரா வைக்கிறதப் பத்திப் பேசுறோம். நீங்க அஞ்சு சாவியையும் கையோட எடுத்துட்டு வந்துடுங்க மாயக்கா. எல்லாரும் சேர்ந்து ஒரு முடிவு எடுக்கட்டும்."

சாவிகளைத் திரும்பத் தர மாட்டார்கள் என்று மாயக்காளுக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு எலக்ட்ரீஷியன் சிக்கந்தர் பாய் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். ஐம்பது வயசிருக்கும். முந்தின நாள் சாயங்காலம் கடையில் முழு சார்ஜ் ஏற்றிய பேட்டரியை மாட்டி, வண்டியைக் கிளப்பாமல் அப்படியே நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தார். மாயக்காள் அன்று அந்த வண்டியைத் துடைக்கவே இல்லை. ஐந்து சாவியையும் கேட் பக்கத்து சிமெண்டு பெஞ்சில் வரிசையாக வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்றாள். கையைக் காலை எங்கே வைப்பது என்று தெரியாத நிற்பு.

"முதல்ல டிக்கி லைட்" என்றார் பாய். தன் போனில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடினார். திறந்து பார்த்தபோது மூடியதும் படம் இருட்டாகியிருந்தது. "சரியா அணையுது. டேஷ் பெட்டி லைட்டும் அப்படித்தான். அக்கா கதவு சாத்துனதுல கோளாறு இல்ல சார்."

சிவராம் தானும் ஒருமுறை டிக்கியைத் திறந்து மூடிப் பார்த்தார்.

பாய் பானட்டைத் திறந்து, அதன் பூட்டை ஸ்க்ரூ டிரைவரால் தட்டி, மூடியிருப்பதாக வண்டியை ஏமாற்றினார். கதவுகளைச் சாத்தினார். சாவியைத் தூரமாகக் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து ஒயரைக் கழற்றி, முனைக்கும் ஒயருக்கும் நடுவில் மீட்டரை மாட்டினார்.

"இனி அரை மணி நேரம் யாரும் தொடக்கூடாது. இந்தக் காலத்து வண்டி நம்ம மாதிரி, படுத்ததும் தூங்காது. எல்லாம் அடங்கினப்புறம் பாக்குற நம்பர்தான் நெசம்."

பிருந்தா காப்பி கொண்டுவந்தாள். சிவராமின் மனைவி, பள்ளிக்கூட ஆசிரியை, ஞாயிற்றுக்கிழமையிலும் வாட்ச் கட்டியிருப்பவள். அரை மணி கழித்துப் பாய் குனிந்து பார்த்தார்.

"ரெண்டே முக்கால் ஆம்பியர். யா அல்லா!"

"அது எம்புட்டு பாய்?" என்று வாயை விட்டாள் மாயக்காள்.

"நிக்கிற வண்டிக்கு இதுல அம்பதுல ஒரு பங்குதான்கா போகணும். கடிகாரம், கதவுப் பூட்டு, அதுக்கெல்லாம். அப்படின்னா பத்து நாள் நின்னாலும் ஒரே திருகுல கெளம்பிரும். இது ராவோட ராவா பேட்டரிய வழிச்சுத் தின்னுருது."

"இப்பவுமா தின்னுது? யாரும் தொடாமலா?"

"இப்பவுந்தான். வந்து பாருங்க."

அவள் போய்ப் பார்த்தாள். எண்களிலிருந்து அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் வண்டி சும்மா நிற்கிறது, தின்றுகொண்டிருக்கிறது. அது புரிந்தது.

பாய் ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்கினார். ஒன்றைப் பிடுங்குவார், மீட்டரைப் பார்ப்பார், திரும்பச் சொருகுவார். எதில் நம்பர் இறங்குகிறதோ அந்த வழியில்தான் திருட்டு என்றார். ரேடியோ, ஹாரன், விளக்கு, ஏசி என்று முப்பது பியூஸும் பிடுங்கியாகிவிட்டது. நம்பர் அசையவில்லை. பாய் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன பாய், கண்டுபிடிக்க முடியலையா?" என்றார் சிவராம். கண் ஒருமுறை பெஞ்சிலிருந்த சாவிகளுக்குப் போய் வந்தது.

மாயக்காள் அந்தக் கண்ணைப் பார்த்தாள். ஒரு கேள்வியைத் திங்கட்கிழமையிலிருந்து கேட்காமல் வைத்திருந்தாள். கேட்டால் மகனைக் காட்டிக் கொடுத்ததாகிவிடலாம். கேட்காவிட்டாலும் ஆணி காலிதான். ஆனால் இப்போது மீட்டர் ஓடுகிறதே, அருண்பாண்டி இங்கே இல்லையே?

"பாய், ஓடாத வண்டி சூடாகுமா?"

"எங்க சூடாகுது?"

"இங்கிட்டு. எடது ஓரம். ஒரு வாரமா பானட்டுல அந்த எடத்துல மட்டும் பனி பிடிக்கல. நான் தொட்டுப் பாத்தேன்."

"ஒரு வாரமாவா? சொல்லவே இல்லையே" என்றார் சிவராம்.

பாய் அவரைக் கையமர்த்திவிட்டுக் குனிந்தார். மூடியை நிமிர்த்தி வைத்திருந்ததால் உள்ளே வெளிச்சம் இருந்தது. இடது பக்கம் கையை விட்டு, பெல்ட் ஓடுகிற உருண்டையான ஒரு பாகத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"சூடா இருக்கு" என்றார்.

மாயக்காளுக்கு அது எழுமலை முதலாளியின் குரலாகக் கேட்டது. பாயின் முகத்தில் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

"ஆல்டர்நேட்டர் சார். வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்துறது இதுதான். கரண்ட் இங்கேர்ந்து பேட்டரிக்குத்தான் போகணும், அங்கேர்ந்து இங்க வரக்கூடாது. தடுக்குறதுக்கு உள்ள டயோடுன்னு இருக்கு. அது போயிருச்சு. ஓடுறப்போ ஊட்டுது, நின்னதும் ஊட்டினத உறிஞ்சுது. உறிஞ்சுற சூடுதான் அக்கா கையில பட்டுருக்கு. இந்த ஒயர் நான் பிடுங்கின பியூஸ் எதுலயும் வராது, நேரா பேட்டரிக்குப் போவுது. அதான் நம்பர் எறங்கல."

பேட்டரி ஒயரை எடுத்துவிட்டு, ஆல்டர்நேட்டரின் தடித்த ஒயரைக் கழற்றித் துணி சுற்றி ஒதுக்கினார். மீட்டரைத் திரும்ப மாட்டினார். கொஞ்ச நேரத்தில் நம்பர் ஏறக்குறைய பூஜ்யத்தில் வந்து நின்றது.

"டயோடு சும்மா போகாது சார். யாராச்சும் ஜம்ப் ஒயர மாத்திப் போட்டாங்களா?"

"இல்லையே" என்றார் சிவராம்.

"என்ன இல்லையே?" என்றாள் பிருந்தா. "தீபாவளிக்கு ரயில்ல சென்னை போயிட்டு வந்த அன்னிக்கு வண்டி கிளம்பலைன்னு எதிர்வீட்டுக் கார்லேர்ந்து ஒயர் போட்டீங்க. டப்புன்னு பொறி பறந்துச்சே. ஆயுத பூஜைக்கு நான் பேட்டரி முழுக்கச் சந்தனம் பூசி, ஒரு முனையில குங்குமம் வச்சிருந்தேன். பிளஸ் மைனஸ் தெரியல, சிவப்பு இருக்கிற பக்கம் சிவப்பு ஒயர்னு நீங்கதான் மாட்டினீங்க. சிவப்பு மூடி ஏற்கெனவே துடைக்கக் கழட்டினது, டேஷ் பெட்டிக்குள்ள கிடந்துச்சு."

"நீ எதுக்கு மைனஸ்ல குங்குமம் வைக்கணும்?"

"பூஜைக்கு எதுக்குங்க பிளஸ்ஸும் மைனஸும்?"

பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். "நல்ல வேளை, மீட்டருக்குப் பொட்டு வைக்கல."

சிவராம் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. வண்டி எப்போது தயாராகும் என்று பாயிடம் கேட்டார். பிறகு பெஞ்சுக்கு வந்து ஐந்து சாவியையும் அள்ளி மாயக்காளிடம் நீட்டினார். "எடுத்துட்டுப் போங்க மாயக்கா. மீட்டிங்ல நான் சொல்லிக்கறேன்."

அவள் கை நீட்டவில்லை. "பேயாண்டி அண்ணன்கிட்ட இருக்கட்டும் சார். காலையில வாங்கித் தொடச்சுட்டு அவருகிட்டயே குடுத்துட்டுப் போறேன். வீட்டுக்கு வேணாம்."

சாவி இல்லாத வீட்டில் சந்தேகத்துக்கு வேலை இல்லை என்று கணக்குப் போட்டாள். பஸ்ஸில் வரும்போது மகனிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். செல்லூரில் இறங்கி அரைக் கிலோ ஆட்டுக்கறி வாங்கினாள்.

அருண்பாண்டி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். வியாழக்கிழமைக்குப் பிறகு அவன் பேசியது மொத்தம் பத்து வார்த்தை இருக்கும்.

"டேய் பாண்டி, ஓடாத வண்டியே சூடாகுமாம்டா! உள்ள ஒரு சாமான் கெட்டுப்போச்சாம். குங்குமத்தப் பாத்து அந்தாளே ஒயர மாத்தி மாட்டியிருக்காரு. பாய் கையை வச்சுப் பாத்து, மீட்டர்லயும் காமிச்சுட்டாரு. நான் சொன்னத வச்சுத்தான் அவரே கண்டுபிடிச்சாரு தெரியுமா?"

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "அப்ப அந்தச் சூட்ட வச்சுத்தான் எனக்குச் சூடம் வச்சியா?"

"போனது போகட்டும்டா. கறி வாங்கியாந்திருக்கேன்."

அவன் அலமாரியைத் திறந்து பித்தளைத் தட்டை எடுத்தான். இரண்டு கட்டி சூடமும் நாலு நாளில் தானாகக் கரைந்து மிளகு அளவுக்கு ஆகியிருந்தது. அவள் முன்னால் தட்டை நீட்டினான்.

"ரெண்டு கட்டி வச்ச. எங்க போச்சு? நான் எடுத்தேனா?"

"போடா இவனே" என்று சிரிக்கப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பொத்தான் போடும்போது அவன் கண் காலண்டருக்குப் போனது. ஆணி காலியாக இருந்தது.

"சாவி எங்க? புடுங்கிட்டாங்களா?"

"இல்லடா, எடுத்துட்டுப் போன்னுதான் சொன்னாரு. நாந்தான் வேணாம்னுட்டேன். வாட்ச்மேன்கிட்டயே இருக்கட்டும்னு…"

சொல்லி முடிக்கும் முன்பே அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

"அவரு குடுக்குறேன்னு சொல்லியும் நீ வேணாம்னியா?"

"அதுக்கில்லடா…"

"எல்லாம் தெரிஞ்ச பெறகும் அதை இங்க மாட்ட ஒனக்கு மனசு வரல. அப்படித்தானம்மா?"

மாயக்காள் கறிப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள். அப்படி இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அப்படி இல்லைதானா என்று ஒரு விநாடி அவளே நின்று யோசித்துவிட்டாள். அந்த ஒரு விநாடியை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினான். பைக் சாவியை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.